மழை இல்லையென்றால் விதைத்த கோதுமை செத்துவிடுமா?

‘அமெரிக்காவின் கன்சாஸில் அக்டோபரில் மழையே இல்லை, விதைத்த கோதுமை மண்ணுக்குள்ளேயே செத்துப்போச்சு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

அங்கே குளிர்காலக் கோதுமையைச் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை விதைத்து, ஜூன் வாக்கில் அறுப்பார்கள். காய்ந்த புழுதியில் ஒன்றிரண்டு அங்குல ஆழத்தில் கிடக்கும் விதை சாவதில்லை, தூங்குகிறது. தன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் தண்ணீரை உறிஞ்சினால்தான் முளைவிடும். நம்மூர் மானாவாரியில் புழுதி விதைப்பு என்கிறோமே, அதே கதைதான். நவம்பரில் மழை வந்தாலும் முளைக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது அரைகுறைத் தூறலுக்கு. மேல்மண் மட்டும் நனைந்து, விதை முளைவிட்டு, கீழே ஈரமில்லாமல் வேர் தவித்தால் அந்தப் பயிர் போச்சு. தாமதமாக முளைத்தாலும் தூர் (அடியிலிருந்து வெடிக்கும் பக்கத்தண்டு) குறையும், கடுங்குளிரில் அடிபடும். அதை மறுக்கவில்லை.

2022 இலையுதிர்காலம் அப்படித்தான் வறண்டு கிடந்தது. 2023-இல் கன்சாஸின் விளைச்சல் சுமார் 20 கோடி புஷல்தான் (புஷல் என்பது அமெரிக்கத் தானிய அளவு; கோதுமைக்குச் சுமார் 27 கிலோ). பல பத்தாண்டுகளில் இல்லாத சரிவு. ஆனால் வறட்சி வசந்தத்திலும் விடவில்லையே! பழியை அக்டோபர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.