லட்சத்தில் இரண்டு பேராம்!

கோயில் மருத்துவ முகாமில் ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம் என்ற ரத்த உறைவு நோயைப் பற்றிப் பேச ஒரு பேச்சாளருக்குப் பத்து நிமிஷம் கேட்டோம். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை குழுவில் வந்த வாய்ஸ் நோட்டை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். பேசியது யார் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த முகாமில் மைக்கைக் கீழே வைக்காதவர் யார் என்று நம் டர்பன் சாட்ஸ்வொர்த்துக்கே தெரியும். "லட்சத்தில் இரண்டு பேருக்கு வருகிற நோய்க்கெல்லாம் பேச்சாளர் எதுக்கு? சுகர், பிரஷர் போதும்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் வேறு.

சரி அண்ணே, கணக்கையே பேசுவோம். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓம்ஸ்டெட் என்றொரு பகுதி. அங்கே 2000 முதல் 2015 வரையிலான மருத்துவப் பதிவுகளைத் துருவிப் பார்த்தார்கள். ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம், அதாவது நம் எதிர்ப்புச் சக்தியே தடம் புரண்டு ரத்தத்தைக் கண்ட இடத்தில் உறைய வைக்கும் நோய், 18 வயது தாண்டியவர்களில் லட்சத்துக்கு இரண்டு பேருக்கு ஒவ்வொரு வருஷமும் புதிதாக வருகிறது என்று கண்டார்கள். உங்கள் 'இரண்டு பேர்' இவர்கள்தான். வருஷா வருஷம், புதிதாக என்பதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். அதே ஆய்வில், இந்த நோயோடு வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் லட்சத்துக்கு 50 பேர். அதாவது இரண்டாயிரத்தில் ஒருவர். டர்பன் கிங்ஸ் பார்க் மைதானம் ரக்பி ஆட்டத்துக்கு நிரம்பினால் அதில் இருபத்தைந்து பேராவது இருப்பார்கள். ஐரோப்பாவில் பத்தாயிரத்தில் ஐந்து பேருக்கு மேல் போனால் அதை அபூர்வ நோய் என்றே சொல்லமாட்டார்கள். இது சரியாக அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.

"அது வெள்ளைக்காரர் ஊர்க் கணக்கு, அதிலும் புதிதாகக் கண்டது 33 பேரைத்தான்" என்று ஒருவர் வருவார். நியாயம்தான். கொரியாவில் எடுத்த கணக்கு இதைவிட மிகக் குறைவு என்பதும் தெரியும். ஆனால் பரிசோதித்தால்தானே எண்ணிக்கையில் வரும்? இந்த நோய் என்று உறுதிசெய்ய, ரத்தத்தில் அந்தத் தடம் புரண்ட எதிர்ப்புப் பொருள், அதாவது ஆன்டிபாடி, ஒரு தடவை தெரிந்தால் போதாது, 12 வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் தடவைக்கே சீட்டு எழுதிக் கொடுக்க ஆளில்லாத இடத்தில் எந்தக் கணக்கில் யார் ஏறுவார்?

என் அக்கா எந்தக் கணக்கிலும் ஏறாமல் வருஷக்கணக்கில் இருந்தாள்.

முதல் பிள்ளை உண்டானபோது கிளினிக்கில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை எடுத்தார்கள். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருப்பதாக வந்தது. அந்தப் பரிசோதனையில் கார்டியோலிப்பின் என்ற பொருள் சேர்கிறது. ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்காரர்களின் ஆன்டிபாடி அதோடும் ஒட்டிக்கொள்வதால், இல்லாத சிபிலிஸ் இருப்பதாகக் காட்டிவிடும். அங்கே யார் இதைச் சொன்னார்கள்? நர்ஸ் கையுறையை மாற்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். விஷயம் மாமியார் காதுக்குப் போனது. அடுத்த பரிசோதனையில் சிபிலிஸ் இல்லை என்று வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் அவளைப் பார்த்த பார்வை மாறவில்லை. ஆறாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே போனது. கண்ணேறு என்றார்கள், நாகதோஷம் என்றார்கள், ஒரு பெரியம்மா இன்னும் மோசமாக ஒன்று சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.

அப்புறம் இடது கால் வீங்கியது. நின்று வேலை செய்கிற கால், அப்படித்தான் இருக்கும் என்று வலி மாத்திரை கொடுத்தனுப்பினார் டாக்டர். அம்மா தையல் டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இடது கால் வலதைவிட இரண்டு அங்குலம் பெருத்திருந்தது. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் மூச்சு வாங்கிய பிறகுதான் ஒரு பெரிய டாக்டர் பழைய காகிதங்களை எல்லாம் மேசையில் பரப்பிப் படித்தார். ரத்தம் உறைய எடுக்கும் நேரம் பரிசோதனையில் நீண்டிருந்தது. பார்ப்பவர்களுக்கு ரத்தம் கசியும் நோய் போலத் தெரியும், உடம்புக்குள் நடப்பதோ நேர் எதிர். அதைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர். அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமலிருக்கத் தினம் வயிற்றில் ஹெப்பாரின் ஊசியும் போட்டுப் பெற்ற பையன்தான் போன தைப்பூசத்தில் உங்கள் வீட்டுக் காவடிக்கு முன்னால் உறுமி அடித்தான், அண்ணே.

"பொம்பளைங்க சமாச்சாரம், பொதுக்கூட்டத்தில் எதற்கு?" இதையும் ஒருவர் எழுதியிருந்தார். ஓம்ஸ்டெட் கணக்கில் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சமம். ஐம்பது வயதுக்குள் பக்கவாதம் வந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இந்த ஆன்டிபாடி இருந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்களிலும் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு இது இருக்கும், எல்லோருக்கும் நோய் வந்துவிடாது. யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. நாற்பது வயதில் வாய் கோணி விழுந்தவனை "குடிச்சிருப்பான்" என்று ஒதுக்குகிறீர்களே, அவனுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சுகரும் பிரஷரும் முக்கியமில்லை என்று நான் எங்கே சொன்னேன்? எங்கள் அப்பாவுக்கே இரண்டும் உண்டு. பத்து நிமிஷம்தான் கேட்டோம். அன்னதான வரிசை நகரவே அதைவிட அதிக நேரமாகிறது.

தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்டுக்காரர்கள், அதாவது மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள், கட்டாயமாகக் காசு கொடுக்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் லூபஸ் இருக்கிறது, ஹீமோபிலியா இருக்கிறது. இது இல்லை. போன் செய்தால் "அந்தப் பெயரைக் கொஞ்சம் எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் மேடம்" என்பார்கள். அங்கேயும் லட்சத்தில் இரண்டு பேர் கதைதான் ஓடுகிறது போலிருக்கிறது.

கமெண்டில் கஷாயம், பூண்டுப் பால், வெறும் வயிற்றில் வெந்தயம் எல்லாம் தயவுசெய்து வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கச் சொல் என்று போன தடவை இன்பாக்ஸுக்கு வந்தவரை பிளாக் செய்துவிட்டேன். சொந்தக்காரர்தான்.