மீதமிருந்த பன்னிரண்டு நிமிடங்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளி ஆண்டு விழா மேடையில் பேசப்பட்டதை உங்களில் பலர் நேரிலும் மற்றவர்கள் காணொளியிலும் கேட்டுவிட்டீர்கள். அதனால் மீண்டும் விவரிக்கவில்லை. "பந்து உதைத்துத் திரிந்தவர்களில் எவன் உருப்பட்டான்?" என்ற கேள்விக்கும், அதற்கு எழுந்த கைதட்டலுக்கும், ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குச் சிறப்பு வகுப்பாக மாற்றும் அறிவிப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மூன்று நாள்கள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை.

எங்கள் பள்ளிக் கால்பந்து அணியில் நான் இரண்டு ஆண்டுகள் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடியவன். பதினொன்றாம் வகுப்பில் மாவட்ட அளவிலான அரையிறுதி. இரு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியப் பன்னிரண்டு நிமிடங்கள் இருந்தன. நெருக்கடியில் நான் எங்கள் கோல் காவலனான கோலிக்குப் பின்னோக்கித் தட்டிய பேக் பாஸ், மழையில் ஊறிக் கிடந்த மண்ணில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. தன் அணிக்காரன் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோலி கையால் எடுக்கக் கூடாது என்பது 1992-இல் வந்த விதி. அவன் காலால் அடித்து வெளியேற்ற ஓடி வருவதற்குள் எதிரணி ஃபார்வர்டு முந்திக்கொண்டான். வலையின் கீழ்ப்பக்கம் அறுந்திருந்ததால் பந்து வெளியே உருண்டு வேலியோரம் போய் நின்றது. எடுத்து வர நான்தான் போனேன். விரல்களில் ஒட்டிய ஈரச் செம்மண்ணைச் சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பியபோது எங்கள் கேப்டன் எதிரே வந்தான். "தலையத் தூக்குல மக்கா, இன்னும் பன்னிரண்டு நிமிசம் கெடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டான்.

நாங்கள் தோற்றோம். கடைசி நிமிடத்தில் நான் எதையும் தடுத்து அணியைக் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் எல்லோரும் பார்க்கத் தவறு செய்துவிட்டு, எல்லோரும் பார்க்க அதே இடத்தில் நின்று மீதி ஆட்டத்தை ஆடி முடித்தேன். இதைத்தான் சொல்ல வருகிறேன். வகுப்பறையில் நாற்பது மதிப்பெண் வாங்கினால் விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். மைதானத்தில் மறைக்க இடமில்லை. பந்தை நடுவட்டத்தில் வைத்துவிடுவார்கள், உடனே ஆடியாக வேண்டும்.

மறுநாள் பயிற்சியில் பி.டி. மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. 1994 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிராகச் சேம் சைடு கோல் விழக் காரணமாகி, நாடு திரும்பிய சில நாள்களில் மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட கொலம்பியா வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் சொன்னார். பிறகு என்னை நாற்பது முறை பேக் பாஸ் தட்ட வைத்தார். பல ஆண்டுகள் கழித்து, சம்பளப் பட்டியலில் நான் செய்த பிழையால் சிலருக்குப் பணம் குறைந்துபோனது. அன்று மாலையே மேலாளரிடம் சென்று, தவறு என்னுடையது என்று சொல்லிவிட்டு, இரவு இருந்து திருத்திக் கொடுத்தேன். அந்தத் துணிவை எனக்குக் கணக்குப் பாடவேளை தரவில்லை.

"ஆயிரத்தில் ஒருவன்தானே மைக்கேல் சூசைராஜ் ஆகிறான்?" என்பீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டி வரை போனவர் அவர். நான் பேசுவது மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைப் பற்றி. "மதிப்பெண் குறையும்" என்பீர்கள். வாரத்துக்கு இரண்டே பாடவேளைகளைப் பிடுங்கித்தான் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்த முடியுமென்றால், மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லுங்கள். விளையாடினால் அடிபடும் என்பது உண்மை, மறுக்கவில்லை.

யாரும் கேட்காத கேள்வி ஒன்றை நானே கேட்கிறேன். எங்கள் காலத்தில் அந்த மைதானத்தில் ஒரு பெண் பிள்ளைகூடப் பந்தைத் தொட்டதில்லை. நாங்களும் அதைப் பற்றி யோசித்ததில்லை. 2018-இலும் 2023-இலும் தேசியக் கால்பந்துச் சாம்பியன்ஷிப்பை வென்று வந்தது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. கூடுதலாகப் பாடவேளை ஒதுக்க வேண்டிய நேரத்தில் இருப்பதையும் எடுப்பது எந்த நியாயம்?

கோபத்தைவிட வருத்தம்தான் எனக்கு அதிகம். ஞாயிறன்று என் பக்கத்து நாற்காலியில் அந்தக் கேப்டன் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இன்று பத்துப் பேரை விசைப்படகில் ஏற்றிக்கொண்டு வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பவன். மேடைக் கணக்கில் அவன் உருப்படாதவன். கைதட்டல் ஓயும்வரை அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் இருக்கிறது. பாடவேளையை மாற்றக் கூடாது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். பழைய அணியில் ஊரில் இருப்பவர்கள் வந்து கையெழுத்திடுங்கள். அவனையும் கூப்பிட்டிருக்கிறேன். அதற்குள் கடலுக்குப் போகவில்லையென்றால் வருவதாகச் சொன்னான்.