வீடு என்று நினைத்தது குதிரை லாயம்

"மாப்ள, வீடு பிரமாதம். ஆனா வாசல்ல எதுக்கு இவ்ளோ பெரிய வளைவு? யானை வளத்தாங்களா?" என்றார் மாமனார்.

அது வீடே இல்லை. குதிரை லாயம்.

ஊரிலிருந்து வந்திருந்தவரை, இங்கிலாந்தில் ரோதர்ஹாம் பக்கத்தில் இருக்கும் வென்ட்வொர்த் உட்ஹவுஸ் என்ற பழைய பிரபு மாளிகைக்கு அழைத்துப் போயிருந்தேன். நாங்கள் இருக்கும் ஷெஃபீல்டிலிருந்து காரில் அரை மணி நேரம். அவரைக் குறை சொல்ல முடியாது, முதல் தடவை நானும் அதே இடத்தில்தான் ஏமாந்தேன். மணற்கல்லில் நீளமாக ஓடும் முகப்பு, நடுவில் தூண்களும் முக்கோண மகுடமும், அதன் கீழே வண்டியோடு நுழையும் வளைவு. 84 குதிரைகளுக்காகக் கட்டினார்கள் என்று சொன்னேன். "நம்ம தெருவுல மொத்தமே நாப்பது வீடுதான்" என்றார்.

இந்த மாளிகையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் உள்ளே இருக்கும் பளிங்குக் கூடத்தைத்தான் எழுதுகிறார்கள். என் கட்சி வேறு. இங்கே நல்ல கட்டடம் எது என்று கேட்டால் லாயத்தைத்தான் காட்டுவேன். வீடு அதற்குப் பிறகுதான்.

வீட்டின் கதை நம் ஆட்களுக்கு உடனே புரியும், ஏனென்றால் அது பங்காளிச் சண்டை. 1695-ல் ஸ்ட்ராஃபோர்டு பிரபு வாரிசு இல்லாமல் இறந்தபோது நிலபுலன் எல்லாம் அவருடைய சகோதரி மகனுக்குப் போனது. சொத்து நமக்குத்தான் என்று காத்திருந்த உறவினர் ரேபி பிரபுவுக்குக் கிடைத்தது வெறும் பட்டம். அவர் சும்மா இருப்பாரா? சில மைல் தள்ளி ஸ்டெயின்பரோவில் 1708-ல் நிலம் வாங்கி, மாளிகை எழுப்பினார். பின்னாளில் அதற்கு வென்ட்வொர்த் காசில் என்றே பெயர் வந்தது. இந்தப் பக்கத்தில் 1720களில் மேற்கு பார்த்து ஒரு செங்கல் வீடு எழுந்தது. அது முடிவதற்குள் மோஸ்தர் மாறிவிட்டது. உடனே 1730களில் ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட் என்ற கட்டடக் கலைஞரை வைத்து, அதன் முதுகோடு முதுகு ஒட்டி, கிழக்கு பார்த்து இன்னொரு வீடு கட்டினார்கள். அந்தக் கிழக்கு முகப்பின் நீளம் 606 அடி. பக்கிங்காம் அரண்மனையின் முகப்பைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். தூரத்தில் நின்று பார்த்தால் அசந்துபோவீர்கள். உள்ளே குடியிருப்பது வேறு விஷயம். விருந்தாளிகள் படுக்கையறைக்குத் திரும்பும் வழியை மறக்காமலிருக்க, நடந்த பாதையில் தூவிக்கொண்டு போகக் காகிதத் துணுக்குகள் கொடுப்பார்கள் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. கதையோ நிஜமோ, கேட்டவுடன் நம்பத் தோன்றுகிறது பாருங்கள், வீட்டின் லட்சணம் அதுதான்.

லாயத்தில் அப்படி வழி தவற முடியாது. கட்டியவர் ஜான் கார். கொத்தனார் மகன், தானும் உளி பிடித்தவர், பிற்பாடு யார்க் நகரத்துக்கு இரண்டு முறை மேயரானவர். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே யார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் 1750களில் கட்டிய பார்வையாளர் மாடம்தான். அந்த வேலை கிடைக்கக் காரணமாக இருந்த, அப்போது இந்த மாளிகைக்குச் சொந்தக்காரரான ராக்கிங்ஹாம் பிரபுவே லாயத்துக்கும் அவரை அழைத்தார். ராக்கிங்ஹாம் இரண்டு முறை பிரதமராக இருந்தவர். ஆனால் மனசு முழுக்கக் குதிரைதான். 1776-ல் டான்காஸ்டரில் முதன்முதலாக ஓடிய, பிறகு செயின்ட் லெஜர் என்று பெயர் பெற்ற பந்தயத்தில் ஜெயித்தது அவருடைய பெண்குதிரை.

அந்தக் காலத்து லாயங்களில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு அலங்காரத்துக்கும் அடியில் ஒரு காரியம் இருப்பது. நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம். சாரட்டு திரும்ப இடம் வேண்டுமே. ஜன்னல்களை உயரத்தில் வைப்பார்கள். வெளிச்சம் குதிரையின் கண்ணில் நேராக அடிக்கக் கூடாது, குளிர்காற்று முதுகில் படவும் கூடாது. தரை லேசாகச் சரிந்து சாக்கடைக்கு இறங்கும். மூத்திர நெடி தேங்கினால் குதிரைக்கு நெஞ்சு கெட்டுப்போகும் என்பதால் கூரையும் உயரம். மேலே பரணில் காய்ந்த புல், அங்கிருந்து திறப்பு வழியாகத் தள்ளினால் நேராகக் கீழே தீவனச் சட்டத்தில் விழும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் லத்தி நாற்றமும் அதே வழியாக மேலேறிப் புல்லில் படியும், அது அப்புறம்தான் உறைத்தது. பல லாயங்களின் உச்சியில் கடிகாரம் இருக்கும். அதுவும் அழகுக்கு மட்டும் இல்லை. பிரபு ஒன்பது மணிக்குப் புறப்படுகிறார் என்றால் எட்டரைக்கு வண்டி பூட்டியாக வேண்டும், குதிரைக்காரன் கையில் கடிகாரம் ஏது?

சரி, குதிரைக்காரன் எங்கே படுத்தான்? பெரும்பாலும் குதிரைக்கு மேலேதான். கீழே இருக்கும் மிருகங்களின் உடல் சூடு பலகை வழியாக ஏறிவரும். யார்க்ஷயர் குளிரில் அது வரம், வாசனையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். குதிரைக்குத் தூண் வைத்த முகப்பு, ஆளுக்குப் பரண். இதைச் சொல்லாமல் லாயத்தைப் புகழ்ந்தால் பொய்யாகிவிடும்.

இந்தக் கோளாறு வென்ட்வொர்த்தோடு நிற்கவில்லை. பிரைட்டனில் இளவரசர் ஜார்ஜ் (பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர்), தன் வீட்டுக்கு இப்போது இருக்கும் இந்திய பாணிக் குவிமாடங்களை வைப்பதற்கு முன்பே குதிரைகளுக்கு வைத்துவிட்டார், 1803-ல் தொடங்கி 1808-க்குள். அதுவும் இந்திய பாணியில். அந்த லாயம் இப்போது கச்சேரி மண்டபம். 1974-ல் 'அப்பா' (ABBA) என்ற ஸ்வீடன் பாட்டுக் குழு யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ஜெயித்தது அங்கேதான். லாயம் நல்ல கட்டடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? குதிரை போன பிறகும் அதற்கு வேலை கிடைக்கிறது.

"எல்லாம் நம்மகிட்ட அடிச்ச காசு" என்று நண்பர்கள் சிலர் எழுதுவார்கள், தெரியும். இந்த வீட்டுப் பணம் முக்கியமாக நிலத்திலிருந்தும், பிறகு நிலக்கரியிலிருந்தும் வந்தது. நம் பக்கத்துக் காசைப் பார்க்க வேண்டும் என்றால் ஹார்ட்ஃபோர்டுஷயரில் உட்ஹால் பார்க் இருக்கிறது. கட்டியவர் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் ரம்போல்டு. பிறகு வாங்கியவர் ஆற்காடு நவாபுக்குக் கடன் கொடுத்தே கொழுத்த பால் பென்ஃபீல்டு. 1785-ல் அந்தக் கடன் மோசடியை நாடாளுமன்றத்தில் கிழித்துத் தொங்கவிட்ட எட்மண்ட் பர்க், 1765-ல் ராக்கிங்ஹாமிடம் செயலாளராக இருந்தவர். அதனால் கோபப்படும்போது சரியான வீட்டு வாசலில் நின்று கோபப்படுவோம்.

1946-ல் அரசாங்கம் நிலக்கரிக்காகத் தோட்டத்தையே பிளந்து, ஏறக்குறைய வீட்டு வாசல்வரை தோண்டியது. வேண்டாம் என்று உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளர்களே எதிர்த்தும் பலிக்கவில்லை. அப்புறம் பெண்களுக்கான உடற்கல்விக் கல்லூரி, பிறகு கைமாற்றங்கள். 2017-ல் ஒரு அறக்கட்டளை 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. வாங்கிய விலையைவிடக் கட்டடத்தைப் பழுதுபார்க்கத்தான் பணம் அதிகம் வேண்டும்.

அடுத்த வாரம் மாமா ஊருக்குத் திரும்பும் முன் லண்டன் நேஷனல் கேலரிக்குப் போனோம். ராக்கிங்ஹாமின் விசில்ஜாக்கெட் குதிரையை ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த படம் அங்கே இருக்கிறது. ஒன்பதரை அடி உயரம், 1997-ல் 1.1 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. செம்பழுப்பு உடம்பு, வெளுத்த வால், வயிற்றில் நரம்பு புடைத்திருப்பதுகூடத் தெரிகிறது. பின்னால் மரமில்லை, வானமில்லை. பின்னங்கால் குளம்படியில் மட்டும் துளி நிழல். மாமா ரொம்ப நேரம் நின்றார்.

"கடிவாளமே இல்லையே. இதப் புடிச்சிக்கிட்டு நின்னவன் எங்க?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினேன். அதே ஸ்டப்ஸ் 1762-ல் இந்தக் குதிரையையும் வேறு இரண்டு ஆண்குதிரைகளையும் வரைந்த இன்னொரு படம் இருக்கிறது. அதில் குதிரைக்காரர் நிற்கிறார். படத்தின் தலைப்பிலேயே அவர் பெயர் வருகிறது, சைமன் காப். நேற்று போனில் மாமாவிடம் சொன்னேன்.

"பேரு இருக்கட்டும் மாப்ள, சம்பளம் எவ்ளோவாம்?"