14 வெற்றிக்கு ஐந்தாம் இடமா?

ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) பட்டியலைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. நான்கு அணிகள் கொண்ட ஒரு டிவிஷனில் முதலிடம் பிடித்தால் போதும், முதல் சுற்றுக்குச் சொந்த மைதானம் உறுதி. அந்த நான்குமே சொத்தையாக இருந்தாலும் சரி!

2024 சீசனில் மினசோட்டா வைக்கிங்ஸ் 17 ஆட்டங்களில் 14 வென்றது. கடைசி வாரம் டெட்ராய்ட்டிடம் தோற்றது. அந்த ஒரு தோல்வியால் டிவிஷன் டெட்ராய்ட் கைக்குப் போக, பிளேஆஃப் பட்டியலில் கிடைத்திருக்க வேண்டிய முதலிடம் போய் ஐந்தாமிடம்! பத்தே ஆட்டம் வென்ற ராம்ஸ், தன் டிவிஷனில் முதலிடம் என்பதால் நான்காவது. இது எந்த ஊர்க் கணக்கு?

2010 இன்னும் கொடுமை. சியாட்டில் 7 வெற்றி, 9 தோல்வி. தோல்விதான் அதிகம், ஆனாலும் தன் டிவிஷனில் முதலிடம். அதனால் 11 வென்ற நியூ ஆர்லியன்ஸ்தான் சியாட்டிலுக்குப் பறந்து, காதைக் கிழிக்கும் அந்தக் கூச்சலில் ஆடித் தோற்றது. 10 வென்ற ஜயன்ட்ஸும் டாம்பா பேவும் பிளேஆஃபில் இடமே கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தன.

டிவிஷன் பகையெல்லாம் எனக்கும் பிடிக்கும். டிவிஷனை வென்றவருக்குப் பிளேஆஃபில் இடம் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? மைதானத்தையும் ஏன் தூக்கிக் கொடுக்கிறீர்கள்? 2025இல் டெட்ராய்ட்டே வெற்றிக் கணக்குப்படி வரிசைப்படுத்தலாம் என்று கேட்டது. இந்த முறையால் லாபம் அடைந்த அணியே கேட்டது! கடைசியில் அந்த யோசனையும் திரும்பப் பெறப்பட்டது.