எல்லா வலிக்கும் உடனே சாட்சி கேட்காதீங்க

நம்ம சபைகளில் ஒரு பழக்கம். யாருக்காவது அடி விழுந்தால் போதும், காயம் ஆறுவதற்குள் "இதன் மூலமா கர்த்தர் உங்களுக்கு என்ன கத்துக்கொடுத்தார்?" என்று சாட்சி, அதாவது தேவன் தனக்குச் செய்ததை எல்லார் முன்னும் சொல்வதை, கேட்டுவிடுவோம். அடக்க ஆராதனை முடிந்த வாரமே வீட்டு ஜெபக்கூட்டத்தில், தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கே நடக்கும் என்கிற ரோமர் 8:28 வந்துவிடும். வசனத்தில் குறையில்லை, சொல்கிற நேரம்தான் தப்பு.

யோசேப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் கிடந்தபோது அவன் சாட்சி எதுவும் சொல்லவில்லை. கூடவே சிறையில் இருந்த பார்வோனின் பானபாத்திரக்காரனிடம், என்னைத் திருடிக்கொண்டு வந்துவிட்டார்கள், இங்கே அடைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை, பார்வோனிடம் சொல்லி என்னை வெளியே எடுத்துவிடு என்று நேராகக் கேட்டான் (ஆதியாகமம் 40). அதை அவிசுவாசம் என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. 17 வயதில் சொந்த சகோதரர்களாலேயே விற்கப்பட்டவன் "தேவன்தான் என்னை அனுப்பினார்" என்று சகோதரர்களிடம் சொல்ல ஏறக்குறைய 22 வருஷம் ஆனது, அதுவும் தம்பி பென்யமீன் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து, இவர்கள் மாறியிருக்கிறார்களா இல்லையா என்று பார்த்த பிறகுதான். அப்பா இறந்த பிறகு அவர்கள் பயந்துபோய் வந்து விழுந்தபோதும் பயப்படாதிருங்கள் என்று சொல்லிவிட்டு, "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்பதையும் சொன்னான். மன்னித்தான், ஆனால் தீமையைத் தீமை என்றே சொன்னான். இதைத்தான் நாம் சௌகரியமாகத் தாண்டிப் போய்விடுகிறோம்.

இதைவிடக் கஷ்டம், நல்லதும் கெட்டதும் ஒரே ஆளிடமிருந்து வரும்போது. எங்கள் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்த சமயம், சபை அக்கா ஒருவர் தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவருவார். அம்மாவுக்கு வாய் துடைத்து ஊட்டியும் விடுவார். அதே அக்கா ஒருநாள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "மக்கா, வீட்ல அறிக்கை செய்யாத பாவம் ஏதும் இருக்கா?" என்று கேட்டார். கஞ்சியும் உண்மை, அந்தக் கேள்வி குத்தியதும் உண்மை. கஞ்சிக்காகக் கேள்வியை நியாயப்படுத்த என்னால் முடியாது, கேள்விக்காகக் கஞ்சியை மறக்கவும் முடியாது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொல்லிவிட்டார் (யோவான் 9). அப்புறம் எதற்கு நான் அதைச் சுமந்துகொண்டு அலையவேண்டும்?

"எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுல் எழுதியது தீர்க்கதரிசனங்களைப் பற்றிப் பேசுகிற இடத்தில்தான், தெரியும். ஆனாலும் சபையில் பட்ட அனுபவங்களுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லையே. சில வலிகளில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இருக்காது. யாரோ செய்த அநியாயம், அவ்வளவுதான்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் சாட்சி நேரம் வரும். யாராவது எழுந்து "எனக்கு இந்த வருஷம் ஏன் இப்படி ஆச்சுன்னு இன்னும் புரியல" என்று சொன்னால், அவசரமாக அல்லேலூயா சொல்லி மைக்கை வாங்கிவிடாதீர்கள், ப்ளீஸ். அவர் பேசி முடிக்கட்டும்.