தையற்கடையில் முதுசம் எது?

ரெடிமேட் வந்துதான் யாழ்ப்பாணத்துத் தையற்கடைகள் படுத்தன என்று கதைக்கிறார்கள். அது அரைவாசி உண்மை. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகும், தகப்பனும் பிள்ளைகளுமாய்க் கோட்டும் நீளக்காற்சட்டையும் தைத்த கடைகள் நின்று பிடித்தன. 1990இல் மின்சாரம் போனது. கால் மிசினுக்குக் கரண்ட் எதுக்கு? ஸ்திரிக்கைப் பெட்டிக்குச் சிரட்டைக்கரி இருந்தது. பொருளாதாரத் தடையில் புதுத்துணி அருமையானபோது, பழைய காற்சட்டையைப் பெருப்பிக்கிற வேலை கைகொடுத்தது. நல்ல கட்டர் பின்தையலில் இடுப்போடு ஒன்றரை அங்குலமும், கால் மடிப்பில் இரண்டரை அங்குலமும் உள்ளே விட்டுத்தான் வெட்டுவார். மலிவு ரெடிமேட்டில் அவிழ்த்துவிட அரை அங்குலமும் இராது.

யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 வேறு கதை. மிசின் வாரைக் கழற்றி, பிணைச்சல் ஆணி இரண்டையும் தளர்த்தினால் தலை தனியே வந்துவிடும். சைக்கிள் கரியரில் கட்டலாம். கத்தரிக்கோலும் கூடவே போகும். அளவுக் கொப்பிகளை யார் அந்த நேரம் நினைத்தார்கள்?

என்னைக் கேட்டால், தையற்கடையின் முதுசம் அந்தக் கொப்பிதான். நெஞ்சு, இடுப்பு, கை நீளத்தை ரேப் பிடிக்கத் தெரிந்த எவரும் எழுதலாம். ஓரத்தில் கிறுக்கியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்: "வலது தோள் அரை இறக்கம்", "வயிறு முன்". தோள் இறக்கத்தைக் கவனிக்காமல் வெட்டினால் அந்தப் பக்கக் கக்கத்துக்குக் கீழே துணி சரிவாய் மடிந்து நிற்கும். தோளை மட்டும் இறக்கினாலும் சரிவராது, கைக்குழியையும் அதேயளவு கீழே இறக்கி வெட்டவேண்டும். இதைத் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றுதான் பழகலாம். பெயர்ப்பலகை மகனுக்கு வந்து, வெட்டு கூலிக்கு வெளியே போனால், அது தையற்கடையே இல்லை, ஓடர் எடுக்கிற இடம்.

இப்போதைய கூத்து வெளிநாட்டு மாப்பிள்ளை. அளவு வட்ஸ்அப்பில் வரும், ஆள் கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னால்தான் வருவார். இழையோட்டிப் போட்டுப் பார்க்கிற முதல் ட்ரையலுக்கு நேரமில்லை. கோட்டின் முன்பக்கத்துக்கு உள்ளே விறைப்புக்கு வைக்கிற துணிதான் கன்வஸ்; நேரம் மிச்சம்பிடிக்க அதைத் தைக்காமல் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். கை ஸ்திரிக்கையால் எல்லா இடத்துக்கும் ஒரே சூடும் ஒரே அழுத்தமும் கொடுக்க ஏலாது. ரிசெப்ஷனுக்கு மினுங்கும் கோட், இரண்டு தரம் கழுவக் கொடுத்ததும் நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாய் எழும்பும். ஒட்டு விட்டால் பிறகு ஒட்டாது. நல்ல துணி வீண்.

காசு கொடுக்க முன்னர் கடையில் தைத்த கோட் ஒன்றை வாங்கி, அடித்தெறிக்குக் கீழே வெளித்துணியையும் லைனிங்கையும் இரண்டு கையாலும் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாய் ஒரு படை தனியே வழுக்கினால் தைத்த கன்வஸ். வெளித்துணி விறைப்பாய் ஒரே தகடாய் வந்தால் ஒட்டு. ஒட்டுக்கு ஒட்டுக் கோட்டின் விலையைத்தான் கொடுங்கள்.