பாலு மகேந்திரா மலையகத்தில் பிறந்தவரா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கம் வாட்ஸ்அப்பில் மாலை போட்ட படம் ஒன்று சுற்றுகிறது: "மலையக மண்ணில் பிறந்து ‘முள்ளும் மலரும்’ படத்தை இயக்கிய பாலு மகேந்திரா. மறைவு: 13.02.2014." தேதி மட்டும்தான் சரி.

அவர் பிறந்தது மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில். 1978இல் வந்த அந்தப் படத்தை இயக்கியவர் மகேந்திரன். பாலு மகேந்திரா அதன் ஒளிப்பதிவாளர். பெயர்க் குழப்பம், வேறொன்றுமில்லை. அவர் முதலில் இயக்கியது ‘கோகிலா’ என்ற கன்னடப் படம், 1977. அதன் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் வாங்கினார்.

நம்மவர் என்று நம்பியதும் புரிகிறது. அவர் இயக்கிய ‘மூன்றாம் பிறை’ கடைசிக் காட்சியில், மழையில் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கமல் கத்தும் அந்தச் சின்ன ஸ்டேசன், நம்ம தலவாக்கலைப் பக்கம் மாதிரியே இருக்கும். ஆனால் அது நீலகிரியின் கேத்தி.